காஸாவைப் பார்த்து நிற்கும் கிராமம்

ராணுவ முகாமாகத் தொடங்கி உழவர் குடியிருப்பாக மாறியது நஹல் ஓஸ். 1956-ல் அங்கே பேசப்பட்ட ஓர் இரங்கல் உரையும், மறுநாள் அதிலிருந்து நீக்கப்பட்ட சில வரிகளும் இந்தக் கிபுட்ஸின் வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

1956 ஏப்ரல் 30-ம் தேதி. நெகேவ் பாலைப் பகுதியின் வடமேற்கு ஓரத்தில், காஸா எல்லையை ஒட்டியிருந்த நஹல் ஓஸ் என்ற சிறு குடியிருப்பில் ஓர் இளைஞருக்கு இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. இறந்தவர் ரோயி ரோட்பெர்க். வயது 21. குடியிருப்பின் பாதுகாப்புப் பொறுப்பு அவரிடம் இருந்தது. முந்தைய நாள் காலை, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த சிலர் கிபுட்ஸ் வயலில் கதிர் அறுப்பதைக் கண்ட அவர், அவர்களை விரட்டக் குதிரையில் ஏறிப் போனார். அது அவருக்காக விரித்த வலை. மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். உடலை இழுத்துக்கொண்டு காஸாவுக்குள் போய்விட்டார்கள். ஐ.நா. பார்வையாளர்கள் தலையிட்டு அன்றே உடலை மீட்டுக் கொடுத்தார்கள்.

சவக்குழியின் அருகே நின்று பேசியவர் இஸ்ரேல் ராணுவத்தின் தலைமைத் தளபதி மொஷே தயான். ஒற்றைக் கண்ணை மூடிய கறுப்புப் பட்டையால் பின்னாளில் உலகமே அடையாளம் கண்டுகொண்ட அதே தயான். கொன்றவர்கள் மீது இன்று பழி சுமத்த வேண்டாம் என்றுதான் அவர் தொடங்கினார். எட்டு ஆண்டுகளாக அவர்கள் காஸாவின் அகதி முகாம்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்; அவர்களும் அவர்களுடைய முன்னோர்களும் வாழ்ந்த நிலங்களையும் கிராமங்களையும் அவர்கள் கண்முன்னாலேயே நாம் நம்முடையதாக்கிக் கொண்டிருக்கிறோம்; அவர்களுடைய வெறுப்பைப் பார்த்து நாம் ஏன் வியப்படைய வேண்டும் என்று கேட்டார்.

ஆனால் அவர் எட்டிய முடிவு சமாதானம் அல்ல. இந்த வெறுப்பு தணியப் போவதில்லை, ஆகவே நாம் கணமும் அசரக்கூடாது என்பதே அந்த உரையின் சாரம். இரும்புத் தொப்பியும் பீரங்கியும் இல்லாமல் இந்த மண்ணில் ஒரு மரம் நடவோ ஒரு வீடு கட்டவோ முடியாது என்றார். பைபிளில் வரும் சிம்சோன் காஸா நகரின் வாசற்கதவுகளைப் பெயர்த்துத் தோளில் சுமந்து போனவன். அந்தக் கதவுகளின் பாரம் ரோயியின் தோள்களுக்குத் தாங்கவில்லை என்று சொல்லி உரையை முடித்தார்.

மறுநாள் இஸ்ரேல் வானொலிக்காகத் தயான் இதே உரையை மீண்டும் வாசித்துப் பதிவு செய்தார். அதில் அகதிகளைப் பற்றிய பகுதி இல்லை. அவர்களுடைய நிலம், அவர்களுடைய கிராமங்கள், அவர்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்ற கேள்வி எல்லாம் போய்விட்டன. வரலாற்றாசிரியர் ஓமர் பார்டோவ் உள்ளிட்டோர் இந்த நீக்கத்தைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள். எதிரி யார் என்பதும் எப்போதும் ஆயுதத்தோடு இருக்க வேண்டும் என்பதும் மட்டும் நாட்டு மக்களின் காதில் விழுந்தன. நஹல் ஓஸில் கேட்ட பாதி நாட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

கலப்பையும் துப்பாக்கியும்

கிபுட்ஸ் என்றால் ஹீப்ரு மொழியில் 'கூடுகை' என்று பொருள். நிலம், கருவிகள், வருமானம் எல்லாம் பொது. சாப்பாடு பொது உணவுக்கூடத்தில். பல கிபுட்ஸ்களில் குழந்தைகள்கூடப் பெற்றோரோடு அல்லாமல் தனி இல்லத்தில் ஒன்றாக வளர்ந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த யூத இளைஞர்கள் 1910-ல் கலிலேயா ஏரிக்கரையில் தெகானியா என்ற முதல் கிபுட்ஸைத் தொடங்கினார்கள். தயான் 1915-ல் பிறந்தது அங்கேதான். கிபுட்ஸ்வாசிகள் எந்தக் காலத்திலும் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டியதில்லை. ஆனால் அமைச்சர்களையும் தளபதிகளையும் அவர்கள் தங்கள் எண்ணிக்கைக்குப் பல மடங்கு அதிகமாக நாட்டுக்குத் தந்தார்கள்.

இந்தக் கூட்டு வாழ்க்கை இந்தியாவிலும் ஆர்வத்தைத் தூண்டியது. பூதான இயக்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1958-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் இஸ்ரேலுக்குப் போனார். சர்வோதய ஊழியர்கள் சிலர் கிபுட்ஸ் முறையைப் படித்துவரச் சென்றார்கள். நிலத்தைப் பொதுவில் வைத்து உழும் கிராமம் என்ற காந்திய கனவுக்கு அங்கே ஒரு முன்மாதிரி இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது.

ஆனால் கிபுட்ஸுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யூதர்கள் எங்கே உழுகிறார்களோ அங்கேதான் நாளைய எல்லை அமையும் என்பது அன்றைய சியோனியத் தலைவர்களின் கணக்கு. பிரதமர் டேவிட் பென் குரியன் 1948-ல் தொடங்கிய 'நஹல்' என்ற ராணுவப் பிரிவு இந்தக் கணக்கின் நேரடி வடிவம். 'போராடும் முன்னோடி இளைஞர்' என்ற பொருள்படும் ஹீப்ருச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆன பெயர் அது. அதில் சேர்ந்தவர்கள் ராணுவப் பயிற்சியோடு விவசாயமும் செய்வார்கள். ஆபத்தான எல்லையில் முகாம் அமைத்து, நிலத்தைப் பண்படுத்தி, பிறகு அதைச் சிவில் குடியிருப்பாக மாற்றுவார்கள்.

அப்படி அமைந்த முதல் குடியிருப்பு 1951-ல் காஸா நகரின் கிழக்கே வந்தது. 'காஸாவுக்கு எதிரே நஹல் வீரர்கள்' என்பதே அதற்கு வைத்த பெயர். 1953-ல் ராணுவ அந்தஸ்து நீங்கிக் கிபுட்ஸாக மாறியபோது நஹல் ஓஸ் என்று பெயர் மாறியது. 'ஓஸ்' என்றால் வலிமை, துணிவு. காஸாவின் ஹீப்ருப் பெயர் 'அஸா'. பெயரிலேயே எதிர்ப்புறத்தின் எதிரொலி இருந்தது. எல்லைக் கோட்டிலிருந்து கிபுட்ஸின் வீடுகள் ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. கோட்டுக்கு அப்பால் காஸா நகரின் ஷுஜையா வட்டாரம். நஹல் ஓஸ் வயலில் நிற்பவருக்கு ஷுஜையாவின் வீடுகள் தெரியும். அங்கே மாடியில் நிற்பவருக்கு நஹல் ஓஸின் கோதுமை தெரியும்.

எல்லை என்று சொல்லப்படாத எல்லை

நிலத்தில் இழுக்கப்பட்ட அந்தக் கோடு சட்டப்படி எல்லையே அல்ல. 1949 பிப்ரவரி 24-ல் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் எகிப்தும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்பாடு, இந்தக் கோட்டை அரசியல் எல்லையாகவோ பிரதேச எல்லையாகவோ எந்த விதத்திலும் கொள்ளக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. சண்டை நின்றபோது இரு படைகளும் எங்கே நின்றனவோ ஏறத்தாழ அதுதான் கோடு. கோட்டின் ஒருபுறம் சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய கடலோரப் பட்டை எகிப்தின் நிர்வாகத்துக்கு வந்தது. ஏற்கெனவே சுமார் 80,000 பேர் வாழ்ந்த அந்த இடத்தில், 1948 போரில் ஊரை இழந்த சுமார் இரண்டு லட்சம் பாலஸ்தீனர்கள் வந்து குவிந்தார்கள். பலருடைய சொந்தக் கிராமங்கள் கோட்டுக்கு மறுபுறம் சில மணி நேர நடைதூரத்தில் இருந்தன. காஸா நகரத்துக்காரர்கள் பலருடைய விளைநிலங்களும் கோட்டுக்கு அப்பால் போய்விட்டன.

அவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். விட்டுவந்த பழத்தோட்டத்தில் பழம் பறிக்க, தாங்கள் விதைத்ததை அறுக்க, உறவினரைப் பார்க்க, திருட, சில சமயம் பழிவாங்கக் கொலை செய்ய. இஸ்ரேலின் அகராதியில் எல்லோருமே 'ஊடுருவுவோர்'. கண்டதும் சுடுவது வழக்கமாயிற்று. 1949 முதல் 1956 வரை இப்படி 2,700 முதல் 5,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றும், அவர்களில் பெரும்பாலோர் ஆயுதமில்லாதவர்கள் என்றும் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மாரிஸ் கணக்கிட்டிருக்கிறார். எல்லையோரக் கிபுட்ஸ்களிலோ இரவில் தூங்கப் போகிறவர் காலையில் கிணற்று மோட்டார் இருக்குமா, மாடு இருக்குமா, காவலுக்குப் போனவர் திரும்புவாரா என்ற கவலையோடு படுத்தார்.

1955 பிப்ரவரியில் இஸ்ரேலியப் பாராசூட் படை காஸாவில் எகிப்திய முகாமைத் தாக்கி முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றது. அதன் பிறகு எகிப்து, அகதி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து 'ஃபெதாயீன்' குழுக்களாக இஸ்ரேலுக்குள் அனுப்பத் தொடங்கியது. 1956 ஏப்ரல் தொடக்கத்தில் கோட்டின் இருபுறமும் பீரங்கிச் சண்டை முற்றியது. எல்லையோரக் கிபுட்ஸ்கள் மீது எகிப்தியக் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 5-ல் இஸ்ரேலின் குண்டுகள் காஸா நகரின் நடுவே விழுந்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ரோயி ரோட்பெர்க் குதிரையேறி வயலுக்குப் போனது அந்த மாதத்தின் இறுதியில்தான். அவர் தனியாகப் போய் மாட்டிக்கொண்ட கதையாக மட்டும் பார்த்தால் இந்த முன்கதை தெரியாது. வெட்டப்பட்ட வானொலி உரையிலும் அது இல்லை.

நீலத் தொப்பிக்காரர்கள்

ஆறு மாதத்தில் சூயஸ் போர் வந்தது. 1956 அக்டோபர் 29-ல் தொடங்கிய அந்தப் போரில் இஸ்ரேல் காஸாவைப் பிடித்து, 1957 மார்ச்சில் பின்வாங்கியது. இடைவெளியை நிரப்ப வந்தது ஐ.நா. அவசரகாலப் படை. அமைதிப் படையினரை அடையாளம் காட்டும் நீலத் தொப்பி முதன்முதலில் உலகுக்கு அறிமுகமானது இந்தப் படையில்தான். படை தன் மண்ணில் நிற்பதை இஸ்ரேல் ஏற்கவில்லை. எனவே அது கோட்டின் காஸா பக்கத்தில் மட்டும் நின்றது.

இங்கே இந்தியாவுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அந்தப் படையில் இந்தியா பெரும்பங்கு வகித்தது. 1956 முதல் 1967 வரை இந்தியப் பட்டாலியன்கள் மாறி மாறி அங்கே பணியாற்றின. 1959-ல் லெப்டினன்ட் ஜெனரல் பி.எஸ். கியானியும், 1966-ல் மேஜர் ஜெனரல் இந்தர் ஜித் ரிக்யேயும் படையின் தளபதிகளானார்கள். 1960 மே மாதம் பிரதமர் நேரு காஸாவுக்கே சென்று இந்திய வீரர்களைச் சந்தித்தார். காஸா கோட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும்படி 72 கண்காணிப்புச் சாவடிகள் இருந்தன. பகலில் அங்கே காவல், இரவில் ரோந்து.

அந்தப் பத்து ஆண்டுகளில் கோடு அடங்கிக் கிடந்தது. ஊடுருவலும் பதிலடியும் வெகுவாகக் குறைந்தன. காஸா விவசாயிகள் கோட்டின் ஓரம்வரை பயிர் செய்தார்கள். இந்தப் பக்கம் கிபுட்ஸின் டிராக்டர்களும் கோட்டோரம்வரை போய்த் திரும்பின. எல்லைப் பிரச்சினை தீரவில்லை, அகதிகளின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவே மூன்றாவது ஒருவர் நின்றார், அவ்வளவுதான். ஆயினும் நஹல் ஓஸின் வரலாற்றில் இவ்வளவு நீண்ட அமைதி வேறு எப்போதும் எழுதப்பட்ட உடன்பாட்டால் கிடைக்கவில்லை.

1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் படையை வெளியேறச் சொன்னார். எல்லோரும் கப்பலேறி முடிவதற்குள் ஜூன் 5-ல் போர் மூண்டது. காஸாவில் இருந்த இந்திய வீரர்களில் சிலர் இஸ்ரேலின் தாக்குதலில் உயிரிழந்தார்கள். பிரதமர் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

கதவு திறந்திருந்த காலம்

ஆறு நாள் போரில் காஸா இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குள் வந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் தயான். பதினோரு ஆண்டுக்கு முன் காஸாவின் கதவுகளைப் பற்றிப் பேசியவர், இப்போது அந்தக் கதவைத் திறந்துவிட முடிவு செய்தார். காஸா தொழிலாளர்கள் இஸ்ரேலுக்குள் வேலைக்கு வரலாம் என்ற கொள்கை அவருடையது. 1980களில் காஸாவின் உழைப்பாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தினமும் விடியற்காலையில் கோட்டைத் தாண்டி வந்து, கட்டடம் கட்டி, பழம் பறித்து, சமையலறைகளில் பாத்திரம் கழுவி, இரவில் திரும்பினார்கள். இஸ்ரேலியர்களும் காய்கறி வாங்க, கார் பழுது பார்க்க, மீன் சாப்பிடக் காஸாவுக்குப் போனார்கள். நஹல் ஓஸ் எல்லையோர ஊர் என்ற நினைப்பே மங்கிய காலம் அது.

எல்லையோரக் கிபுட்ஸ்களின் முதியவர்கள் இந்தக் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவதுண்டு. காஸாவில் இதே காலம் வேறு விதமாக நினைவில் இருக்கிறது. கூலி கிடைத்தது, ஆனால் ராணுவ ஆட்சியும் கூடவே இருந்தது. பட்டைக்குள்ளேயே யூதக் குடியேற்றங்கள் முளைத்தன. கிபுட்ஸ்காரர் நண்பரைப் பார்க்க வந்தார். காஸாக்காரர் பெரும்பாலும் தினக்கூலியாகத்தான் வந்தார். சில வீடுகளில், அப்பன் பிறந்த கிராமம் இருந்த இடத்தில் எழுந்த ஊரிலேயே மகன் கூலிக்குப் போனான்.

கிபுட்ஸும் மாறிக்கொண்டிருந்தது. 1980களின் நடுவில் பணவீக்கமும் கடனும் கிபுட்ஸ் இயக்கத்தையே உலுக்கின. குழந்தைகள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார்கள். எல்லோருக்கும் ஒரே பங்கு என்ற விதியைக் கைவிட்டு, வேலைக்கேற்ற சம்பளம் என்ற முறைக்குப் பெரும்பாலான கிபுட்ஸ்கள் போயின. பொதுவுடைமை தேய்ந்தது, எல்லையைக் காப்பது என்ற பழைய கடமை மட்டும் எல்லையோர ஊர்களை விட்டு அகலவில்லை.

வேலி எழுகிறது

1987 டிசம்பரில் ஜபாலியா அகதி முகாமில் தொடங்கிய மக்கள் எழுச்சி, இன்டிஃபாதா, அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியது. ஹமாஸ் இயக்கம் பிறந்ததும் அப்போதுதான். 1991 முதல் அனுமதிச் சீட்டு இல்லாமல் காஸாவைவிட்டு வெளியே வர முடியவில்லை. ஆஸ்லோ உடன்பாட்டுக்குப் பின், 1994-ல் காஸாவைச் சுற்றி வேலி போடும் வேலை தொடங்கியது. 2005-ல் பிரதமர் ஏரியல் ஷரோன் காஸாவின் 21 குடியேற்றங்களையும் காலி செய்து ராணுவத்தை வெளியே எடுத்தார். நஹல் ஓஸ் மீண்டும் முதல் வரிசைக்கு வந்தது. 2007 ஜூனில் ஹமாஸ் காஸாவின் ஆட்சியைப் பிடித்தது. இஸ்ரேலும் எகிப்தும் பட்டையை முற்றுகையிட்டன.

காஸாவுக்கு டீசலும் சமையல் எரிவாயுவும் போகும் குழாய் நஹல் ஓஸ் அருகிலேயே இருந்தது. முற்றுகைக் காலத்தில் அந்தக் குழாயில் எவ்வளவு விடுவது என்பதே அரசியலாகியது. 2008 ஏப்ரல் 9-ல் ஆயுதக் குழுவினர் அந்த எண்ணெய்க் கிடங்கைத் தாக்கி அங்கே வேலை செய்த இரண்டு இஸ்ரேலியர்களைக் கொன்றார்கள். 2010 தொடக்கத்தில் கிடங்கு மூடப்பட்டு, எரிபொருள் வழி தெற்கே கெரெம் ஷாலோமுக்கு மாறியது.

வேலியின் மறுபுறம் காஸா விவசாயிகளுக்கு வேறு கோடு. வேலியிலிருந்து முந்நூறு மீட்டர், சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் வரை உள்ள நிலத்தில் நடமாடுவது உயிருக்கு ஆபத்து என்றானது. 2014 முதல் இஸ்ரேல் விமானத்திலிருந்து வேலியோரம் களைக்கொல்லி தெளித்தது; காற்றில் பறந்து போய்த் தங்கள் பயிர்களைக் கருக்கியதாகக் காஸா விவசாயிகள் முறையிட்டார்கள். இந்தப் பக்கம் நஹல் ஓஸின் கோதுமை வழக்கம்போல் வளர்ந்தது. அதை அறுக்கப் போகிறவர்கள் மேலே விழும் குண்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

2014 கோடையின் போர் ஐம்பது நாள் நீடித்தது. ஜூலையில் ஷுஜையா வட்டாரம் குண்டுவீச்சில் நொறுங்கியது. அதே மாதம் 28-ல் நஹல் ஓஸ் அருகே சுரங்கத்திலிருந்து வெளிவந்த ஹமாஸ் குழு ஐந்து ராணுவ வீரர்களைக் கொன்றது. ஆகஸ்ட் 22-ல் கிபுட்ஸின் வீட்டு வாசலில் விழுந்த மார்ட்டர் குண்டு நான்கு வயதுச் சிறுவனைக் கொன்றது. ராக்கெட்டுகளை வானில் மறிக்கும் 'இரும்புக் கவசம்' இவ்வளவு கிட்டத்திலிருந்து வரும் குண்டுக்கு உதவாது. எச்சரிக்கை ஒலித்தபின் பதுங்கக் கிடைப்பது சில விநாடிகள்தான். அந்தப் போரில் 2,200-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களும் எழுபதுக்கும் மேற்பட்ட இஸ்ரேலியர்களும் இறந்தார்கள். நஹல் ஓஸைவிட்டுப் பல குடும்பங்கள் வெளியேறின. அவர்கள் இடத்தில் இளம் தம்பதிகள் குடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் 'ஹாரெட்ஸ்' நாளேட்டின் செய்தியாளர் அமீர் டிபோன்.

2018 மார்ச் 30 முதல் காஸா மக்கள் வேலியோரம் வாரந்தோறும் திரண்டார்கள். 'திரும்பிச் செல்லும் பேரணி' என்று பெயர். 1948-ல் விட்டுவந்த ஊர்களுக்குத் திரும்பும் உரிமையைக் கேட்டு நடந்த அந்தப் பேரணிகளின் ஐந்து முக்கியக் களங்களில் ஒன்று நஹல் ஓஸுக்கு நேர் எதிரே இருந்தது. மே 14-ம் தேதி ஒரே நாளில் சுமார் 60 பாலஸ்தீனர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 இறுதிவரை மொத்தம் 214 பேர் இறந்ததாக ஐ.நா. கணக்கு. தீப்பந்தம் கட்டிய பட்டங்களும் பலூன்களும் வேலியைத் தாண்டி வந்து அறுவடைக்கு நின்ற கோதுமையை எரித்தன. 1956-ல் கதிர் அறுக்க வந்தார்கள். 2018-ல் கதிரைக் கொளுத்தினார்கள்.

இஸ்ரேலின் பதில் இன்னும் பெரிய வேலி. 2021 டிசம்பரில் கட்டி முடித்ததாக அறிவிக்கப்பட்ட தடுப்பு 65 கிலோமீட்டர் நீளமானது. பூமிக்கடியில் கான்கிரீட் சுவர், மேலே இரும்பு வேலி, உணர்கருவிகள், கேமராக்கள், தூரத்திலிருந்து இயக்கும் துப்பாக்கிகள். 1,40,000 டன் இரும்பும் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட பணமும் செலவாயின.

எழுபதாவது ஆண்டு விழா

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. கிபுட்ஸாகி எழுபது ஆண்டு நிறைவடைந்ததை அன்று மாலை கொண்டாட நஹல் ஓஸ் ஏற்பாடு செய்திருந்தது. காலை 6.29-க்குக் குண்டு மழை தொடங்கியது. சற்று நேரத்தில் ஹமாஸ் ஆயுததாரிகள் வேலியைப் பல இடங்களில் பிளந்துகொண்டு வந்தார்கள். கிபுட்ஸின் பக்கத்திலேயே அதே பெயரில் இருந்த ராணுவத் தளம் சில மணி நேரத்தில் வீழ்ந்தது. 53 ராணுவத்தினர் அங்கே இறந்தார்கள். 10 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். வேலியைக் கேமரா வழியே இரவும் பகலும் கண்காணித்த இளம் பெண் வீரர்களும் அவர்களில் உண்டு. எதிர்ப்புறத்தில் ஏதோ பெரிதாகத் தயாராகிறது என்று அவர்கள் வாரக்கணக்கில் சொல்லிவந்ததை மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை என்பது பின்னர் வெளிவந்தது.

கிபுட்ஸில் சுமார் 15 பேர் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் கடத்தப்பட்டார்கள். பாதுகாப்புப் பொறுப்பாளர் தொடக்கத்திலேயே இறந்தார். விவசாயப் பயிற்சிக்காக வந்திருந்த தான்சானிய மாணவர் ஒருவரும் பலியானார். அவருடைய உடல் 2025 நவம்பரில்தான் திரும்பி வந்தது. டிபோனும் மனைவியும் இரண்டு சிறு மகள்களும் வீட்டின் பாதுகாப்பு அறையில் இருட்டில் சுமார் பத்து மணி நேரம் சத்தம் போடாமல் கிடந்தார்கள். ஓய்வுபெற்ற ராணுவத் தளபதியான அவருடைய தந்தை டெல் அவிவிலிருந்து தானே கார் ஓட்டி வந்து, வழியில் சந்தித்த வீரர்களோடு கிபுட்ஸுக்குள் நுழைந்து அவர்களை மீட்டார். மகன் பின்னர் இந்தக் கிபுட்ஸின் வரலாற்றை நூலாக எழுதினார். 2024-ல் வெளிவந்த அதன் தலைப்பு, தயானின் உரையிலிருந்து எடுத்த 'காஸாவின் வாசற்கதவுகள்'.

அன்றைய தாக்குதலில் இஸ்ரேலில் மொத்தம் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். 251 பேர் பணயக் கைதிகளானார்கள். அதைத் திட்டமிட்டவர்களில் முதன்மையானவர் யாஹ்யா சின்வார். மஜ்தல் என்ற ஊரிலிருந்து 1948-ல் வெளியேறிய குடும்பத்தில், கான் யூனிஸ் அகதி முகாமில் பிறந்தவர். அவருடைய பிறப்பு, நடந்த கொலைகளுக்கு நியாயம் ஆகாது. ஆனால் வானொலி உரையிலிருந்து தயான் எடுத்துவிட்ட வரிகள் அத்தகைய குடும்பங்களைப் பற்றியவைதான்.

தொடர்ந்த போரில் 2025 அக்டோபர் 10-ம் தேதி போர்நிறுத்தத்துக்குள் காஸாவில் 67,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குச் சொன்னது. ஷுஜையாவில் நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தைப் பார்ப்பது அரிதாகியது.

திரும்பி வருகிறவர்கள்

உயிர் பிழைத்த நஹல் ஓஸ் மக்கள் வடக்கே மிஷ்மார் ஹஎமெக் என்ற கிபுட்ஸில் தஞ்சம் புகுந்தார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே ஊரை இழந்து வாழ்வது என்ன என்பது ஒரு கிராமம் முழுவதுக்கும் தெரிந்தது. கடத்தப்பட்டவர்களில் ஒருவருடைய உடல் 2025 பிப்ரவரியில் வந்தது. இன்னொருவர் இரண்டு ஆண்டுச் சிறைக்குப் பின் அக்டோபர் 13-ல் உயிரோடு திரும்பினார். அவர் விட்டுப்போன கைக்குழந்தை அதற்குள் ஓடி விளையாடும் வயதை எட்டியிருந்தது.

2025-ல் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நஹல் ஓஸுக்குத் திரும்பத் தொடங்கின. திரும்புவதா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டது. ராணுவம் காக்கும் என்ற நம்பிக்கையில்தான் அங்கே குடியிருந்தோம், அந்த நம்பிக்கை போனபின் குழந்தைகளை எப்படி அழைத்துப் போவது என்று கேட்டவர்கள் உண்டு. போகாவிட்டால் எழுபது ஆண்டு உழைப்பும் இறந்தவர்களின் கல்லறைகளும் அநாதையாகிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் எத்தனை ஆயுதங்கள் குவிந்தாலும் அந்தப் பக்கத்தில் இருப்பவர்களோடு ஏதோ ஓர் உடன்பாடு இல்லாமல் இங்கே நிலையாக வாழ முடியாது என்பது டிபோன் நூலில் முன்வைக்கும் வாதம். எல்லையோர ஊர்களிலேயே இதை ஏற்காதவர்கள் அதிகரித்திருக்கிறார்கள்.

காஸாவிலும் மக்கள் திரும்பிப் போக முயன்றார்கள். 2025 அக்டோபர் போர்நிறுத்தத்தில் இஸ்ரேல் ராணுவம் 'மஞ்சள் கோடு' என்ற புதிய கோடு வரை மட்டுமே பின்வாங்கியது. பட்டையின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் ராணுவத்தின் கையில் நின்றது. நஹல் ஓஸுக்கு எதிரே உள்ள ஷுஜையாவின் கிழக்குப் பகுதி அதற்குள் அடங்கியது. அங்கே வீடு இருந்தவர்கள் தங்கள் வீட்டு இடிபாடுகளையும் நஹல் ஓஸின் வயல்களையும் மேற்கே தள்ளி, கூடாரங்களிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.